நாவுக்கு வேலியும் நீங்கிச் செல்லும் உரிமையும்

கூலி கொடுப்பவர் உழைப்பை விலைக்கு வாங்குகிறார்; நாவையும் சேர்த்தே வாங்கிவிடுகிறாரா? பழமையான இவ்வினா அண்மை ஆண்டுகளில் அமெரிக்க நாட்டில் புதுக்கோலம் பூண்டு எழுந்தது.

சிக்காகோ நகரில் தோன்றிய 'பேஸ்கேம்ப்' ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். அங்கே பணியாற்றியோர் 60 பேருக்கும் சற்றுக் குறைவு. வாடிக்கையாளர்களின் பெயர்களுள் வேடிக்கையாகத் தோன்றியவற்றை ஊழியர் சிலர் பல்லாண்டுகளாகப் பட்டியலிட்டு வைத்திருந்தனர். ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் பெயர்களும் அதில் இருந்தன. இது தகாது என்று வேறு சிலர் எடுத்துரைத்தனர். தவறு நேர்ந்ததை உரிமையாளர்களும் ஒப்புக்கொண்டனர். ஆயினும் சர்ச்சை ஓயவில்லை. 2021 ஏப்ரல் 26ஆம் நாள், நிறுவனரான ஜேசன் ஃப்ரைட் ஓர் அறிவிப்பை வெளியிட்டார்: அலுவல் தளத்தில் சமுதாய, அரசியல் விவாதங்கள் இனிக் கூடா, வெளியே தனிப்பட்ட முறையில் பேசிக்கொள்ளலாம். விலக விரும்புவோரில் 3 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்க்கு 6 மாத ஊதியமும், ஏனையோர்க்கு 3 மாத ஊதியமும் தர முன்வந்தனர். சில நாட்களுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் விடைபெற்றுச் சென்றனர். முந்திய ஆண்டு, 2020இல், 'காயின்பேஸ்' நிறுவனமும் இதனையொத்த அறிவிப்பைச் செய்தபோது 60 பேர், அதாவது நூற்றுக்கு 5 பேர், விலகினர்.

உரிமையாளர் தரப்பில் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. ஓயாத வாதம் வேலையைக் கெடுக்கும், நட்பையும் கெடுக்கும். வாதத்தில் கலவாதவனை 'இவன் எந்தப் பக்கம்?' என்று ஐயக்கண் கொண்டு நோக்கும் நிலையும் உண்டாகும். மௌனமாக இருக்க விரும்புவோனின் மௌனத்தையும் மதிக்கத்தானே வேண்டும்?

ஆனால் எது அரசியல் என்று எல்லை கீறுவது யார்? இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. தேர்தலில் யாருக்கு வாக்களிப்பது என்பது ஒன்று. நம்மோடு ஒரே கூரையின் கீழ் உழைப்பவரையும், நம்மை நாடி வருபவரையும் நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பது முற்றிலும் வேறொன்று. பெயர் என்பது பெற்றோர் பிள்ளைக்கு அளிக்கும் முதற்கொடை. அதனைக் கேட்டு ஒருவர் நகைக்கும்போது, பெயருக்குரியவர் 'என் மனம் நோகிறது' என்கிறார். அதிகாரம் உடையவர் 'இது அரசியல்' என்கிறார். வலியை அரசியல் என்று பெயர் மாற்றிவிட்டால் அதனைக் கேட்கும் கடமையும் நீங்கிவிடுமா? சட்டமும் இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்தே இருக்கிறது. பேச்சுரிமை பற்றிய அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டுகிறதேயன்றித் தனியார் முதலாளியின் கையைக் கட்டவில்லை. எனினும் 1935ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம், ஊதியம் பற்றியும் வேலை நிலைமை பற்றியும் ஊழியர் தமக்குள் கலந்து பேசுவதைக் காத்து நிற்கிறது.

இனி, விலகியோர் செய்தது முறைதானா? ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியலறிஞர் 1970இல் வெளியிட்ட நூலில், ஓர் அமைப்பில் குறை கண்டவர்க்கு இரு வழிகள் உண்டு என்றார்: ஒன்று குரலெழுப்புதல்; மற்றொன்று வெளியேறுதல். குரலின் வழி அடைபட்டால் எஞ்சுவது வாயில்வழியே. நிறைகுறைகளில் அதிக அக்கறை கொண்டவர்களே முதலில் வெளியேறிவிடக்கூடும் என்பதையும் அவர் சுட்டினார். ஆகவே பூசல் ஓய்ந்த அமைதியைக் கண்டு மகிழும் உரிமையாளர், போனவர்களுடன் எது போயிற்று என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

மறுபுறம், நின்றவர்களை நாம் பழித்தலும் ஆகாது. விலகுவோர்க்கு ஊதியம் தந்தது கண்ணியமான செயலே. ஆனால் 6 மாத ஊதியம் கடன் சுமந்தவனுக்கும் நோயாளித் தாயைப் பேணுபவளுக்கும் போதுமானதா? மனச்சான்றின்படி வெளியேறுதல் எல்லார்க்கும் எட்டும் செல்வமன்று. எட்டாதவர் பேசாதிருந்தால், அதனைச் சம்மதம் என்று கணக்கெழுதுதல் அநீதம்.

தொழிலகம் விவாத மண்டபமன்று. அதற்கு வேலி இடலாம். ஆனால் 'எனக்கு இங்கே அநீதம் நேர்ந்தது' என்று சொல்ல வருபவனுக்கு அவ்வேலியில் ஒரு வாயில் இருத்தல் வேண்டும். ஒருவனுடைய உழைப்பை ஏற்றுக்கொள்பவர், அவனுடைய மானத்தையும் அமானிதமாகவே ஏற்றுக்கொள்கிறார்.