இரவல் குரல்

ஒருவர் பேசும் விதத்தை நாம் பேசிக் காட்டுவது குற்றமா? வகுப்பறை முதல் அரசியல் மேடை வரை நடக்கின்ற காரியம் இது. "பகிடிக்குத்தானே" என்று சொல்லிவிட்டால் விடயம் முடிந்துவிடுமா? 2014 ஒக்டோபரில் பிரித்தானியாவில் ஒரு பாட்டையிட்டு எழுந்த சர்ச்சை இக்கேள்வியை உலகின் முன் வைத்தது.

அவ்வாண்டு மே மாதம் நடைபெற்ற ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில், ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சி 24 ஆசனங்களை வென்று முதலிடம் பெற்றிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும், குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பன அதன் பிரதான கோஷங்கள். அக்கட்சியின் ஆதரவாளரும் பீ.பீ.ஸீ. வானொலியின் முன்னாள் அறிவிப்பாளருமான மைக் ரீட், கட்சியைப் புகழ்ந்து ஒரு கலிப்ஸோ பாடலை வெளியிட்டார். அவர் வெள்ளையர். ஆனால் பாடியதோ கரீபியர் பேசும் ஆங்கில உச்சரிப்பில். சட்டவிரோதமாக வருவோரைப் பற்றிய கேலியும் அதிலிருந்தது. பாட்டை விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுவருமாறு கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ் கேட்டுக்கொண்டார். கண்டனங்கள் எழவே, சில நாட்களுக்குள் ரீட் மன்னிப்புக் கேட்டு, பாட்டை மீளப் பெறச் செய்தார். வருமானத்தில் ஒரு பகுதி எபோலா நிவாரணத்துக்கென அறிவிக்கப்பட்டிருந்தது. தனது நடுநிலைக் கொள்கையையும் பாட்டில் அகதிகள் பற்றி வரும் வரிகளையும் காரணங்காட்டி, பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கம் அதனை ஏற்க மறுத்தது.

ரீட் தரப்பு நியாயத்தையும் கேட்கத்தான் வேண்டும். கலிப்ஸோ நையாண்டிக்கென்றே பிறந்த வடிவம். 1960களில் லான்ஸ் பேர்ஸிவல் என்ற வெள்ளை நகைச்சுவையாளர் தொலைக்காட்சியில் கலிப்ஸோ பாடியே புகழ்பெற்றவர். மேலும், ரீட்டின் பாட்டு கரீபியரை நேரடியாக ஏசவுமில்லை. நோகடிக்கும் எண்ணம் தமக்கிருக்கவில்லை என்றே அவர் சொன்னார். அதை நம்ப மறுக்க எனக்குக் காரணமில்லை.

ஆனால் கலிப்ஸோ யார் யாரை நையாண்டி செய்த கலை என்பதையும் பார்க்க வேண்டும். ட்ரினிடாட்டில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் சந்ததியினர் வளர்த்தெடுத்த பாட்டு அது. ஆளுநரையும் முதலாளியையும் அது விட்டு வைக்கவில்லை. அதனாலேதான் 1934இல் குடியேற்ற அரசு சட்டமியற்றி அதற்குக் கடிவாளமிட்டது. 1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரித் துறைமுகத்தை அடைந்தபோது, அதில் வந்த லோர்ட் கிச்னர் என்ற கலிப்ஸோ பாடகர், இலண்டனைப் புகழ்ந்து செய்திப்படக் கமராவின் முன் பாடினார். வந்தவன் வாசலில் நின்று அன்போடு பாடிய மெட்டு அது. அறுபத்தாறு ஆண்டுகளின் பின்னர் அதே மெட்டை, அதே உச்சரிப்பை எடுத்துத்தான் வாசலைச் சாத்தச் சொல்லும் பாட்டுக் கட்டப்பட்டது.

இதன் கனம் எனக்கு விளங்கியது புத்தகத்தால் அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, புத்தளம் பகுதியிலுள்ள எங்கள் கிராமத்துப் பாடசாலைக்கும் அகதிப் பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். எனக்கு அப்போது பத்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவன் "பேந்து வாறன்" என்பான். அவனைப் போலவே பேசிக் காட்டுவதில் நான் கெட்டிக்காரன். வகுப்பே சிரிக்கும், அவனும் சிரிப்பான். ஒரு நாள் கிணற்றடியில் வாளிக்காகச் சண்டை வந்தது. அவனது குரலிலேயே, "பேந்து என்ரை ஊருக்குப் போறன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று அவன் சிரிக்கவில்லை. அதன் பிறகு வகுப்பில் அவன் வாய் திறப்பதே குறைந்து போயிற்று.

எனக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. இருந்தும் செய்தது செய்ததுதான். பேசிக் காட்டியதை விட, அவன் சொல்லாத ஒன்றை, அவனைத் துரத்துகின்ற ஒன்றை, அவனது வாயில் வைத்துச் சொன்னதே என் தவறு என இன்று நினைக்கிறேன். முன்னைய நாட்களில் அவன் சிரித்தது விருப்பத்தோடா, வேறு வழியின்றியா என்பதும் எனக்குத் தெரியாது. வந்த ஊரில் சிரிக்காமலிருக்க அவனுக்கு உரிமை இருந்ததா?

எனவே எண்ணத்தை மட்டும் வைத்து இத்தகைய விடயங்களைத் தீர்க்க முடியாது. யாருடைய குரல், அதைக் கொண்டு என்ன சொல்லப்படுகிறது, மறுத்துப் பேச அவனுக்கு இடமிருக்கிறதா என்ற மூன்றையும் கேட்க வேண்டும். பாட்டைச் சட்டத்தால் தடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1934இன் சட்டம் யார்மீது பாய்ந்தது என்பதைப் பார்த்தோம். பாடியவரே திரும்பப் பெற்றதுதான் நல்லது. தடையால் வராத ஒன்று, வெட்கம், அதில் சிறிதேனும் இருந்தது.

2018இல், விண்ட்ரஷ் காலத்தில் பிள்ளைகளாக வந்து முதுமையடைந்த பலர், பத்திரமில்லை என்று வேலையும் மருத்துவமும் மறுக்கப்பட்டு, சிலர் நாடு கடத்தப்பட்டும் இருந்தமை அம்பலமானது. உள்துறை அமைச்சர் பதவி விலகினார். அதற்குக் காரணம் ஒரு பாட்டு என்று சொல்வது அநியாயம். ஆயினும், அந்தப் பாட்டுக்குச் சிரித்தவர்கள் எவரது குரலைக் கேட்டுச் சிரித்தார்களோ, அதே குரலில்தான் அம்முதியவர்கள் தம் வழக்கைச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்று என் வகுப்பில் வேற்றூர்ப் பிள்ளை எழுந்து வாசிக்கும்போது பின்வாங்கிலில் சிரிப்பு எழுவதுண்டு. நான் அதட்டுவதில்லை. கிணற்றடிக் கதையைச் சொல்கிறேன். சிரித்தவன் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.