பிள்ளைகள் என்னும் அமானிதம்

 



நாம் வியாபாரிகள். ஆதலால் வியாபாரிக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டே பேச்சைத் தொடங்குகிறேன். ஊருக்குப் போகிற ஒருவர் தம் நகைப் பொட்டலத்தை உங்கள் கையில் கொடுத்து, "நான் திரும்பி வருகிறவரை வைத்திருங்கள், பாய்" என்று சொல்லிப் போகிறார். அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வருமா? பெட்டியைப் பூட்டினோமா என்று இரண்டு தடவை எழுந்து பார்ப்பீர்கள். ஏன்? அது நம் பொருள் அன்று, அமானிதம். அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது திருமறையின் கட்டளை.

நம் வீட்டில் உறங்குகிற பிள்ளையும் அத்தகைய அமானிதந்தான். அதைத் தந்தவன் ஒருவன் இருக்கிறான். ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். கடையின் ஐந்தொகையை வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கிற நாம், இந்தக் கணக்கை எப்பொழுது பார்த்தோம்?

நம் முன்னோர்களுடைய நிலை வேறு. அவர்கள் சபராளிகள். பெண்டு பிள்ளைகளை ஊரிலே விட்டுவிட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய 'ரஜூலா' கப்பலை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் போவார்கள். நடுவில் மணியார்டர் போகும், கடிதம் வரும். 1953இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைச் சீட்டு வேண்டும் என்று வந்தது. அதனால் கடலுக்கு இரு கரையிலுமாகப் பிரிந்துபோன குடும்பங்கள் பல.

இதற்கு மாறாக நடந்தவர்களும் உண்டு. கடையநல்லூர் மக்கள் சிங்கப்பூருக்கு வந்தபோது மனைவி மக்களையும் உடன் அழைத்து வந்தார்கள். பிள்ளைகள் கண்முன் இருந்ததால் அவர்களுடைய படிப்பும் கண்முன் வந்து நின்றது. 1941இல் தொடங்கப்பட்ட அவர்களுடைய முஸ்லிம் லீக், யுத்தம் முடிந்த மறு வருஷமே, 1946இல், உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. 1982 வரை அது நடந்தது. பெரும் செல்வம் படைத்தவர்கள் அல்லர் அவர்கள். பிள்ளைகளோடு சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஆதலின் பிள்ளைகளுக்கு வேண்டியது அவர்களுக்குத் தெரிந்தது.

என் அத்தாவும் சபராளிதான். 1961ஆம் வருஷம் அவர்கள் ஊருக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயது. வாசலில் பெட்டியோடு நின்றவரைப் பார்த்து, "உம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்கிறார்" என்று கூவிக்கொண்டு உள்ளே ஓடினேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தா மட்டும் சிரிக்கவில்லை. பின்னர் அவர்கள் இந்நாட்டுக் குடிமகனாகி, எங்களையும் இங்கே வரவழைத்துக் கொண்டார்கள். என் பிள்ளைகள் விஷயத்தில் அப்படி நேரவிடக் கூடாது என்று நான் உறுதி செய்துகொண்டேன்.

சகோதரர்களே, அந்த உறுதி என்னவாயிற்று என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நம் செடெனாக், கூலாய்க்கும் லாயாங் லாயாங்குக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டிய சிற்றூர். சுற்றிலும் தோட்டங்கள். ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. இங்கே எனக்குப் பலசரக்குக் கடை; கீழே கடை, மேலே வீடு. இடையில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. 16 படிகள் மட்டுமே இருந்தன. ஸுபுஹு தொழுதுவிட்டுக் கதவைத் திறந்தால் இஷாவுக்குப் பிறகுதான் அடைப்பேன். நான் மேலே ஏறும்போது பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள்.

என் மூத்த மகனுக்கு அப்பொழுது 14 வயது. ஒரு மாலை கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "அத்தா, ஒன்று சொல்லவேண்டும்" என்றான். தோட்டத்தில் சம்பள நாள்; கடையில் கூட்டம். "அப்புறம் பார்ப்போம், போ" என்றேன். மறுநாளும் வந்து நின்றான், அதே பதில். மூன்றாம் நாள் அவன் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் சென்று, தேங்காய் கொண்டுவருகிற லாரிக்காரர், "உங்கள் மகன் பள்ளி நேரத்தில் ரயில் பாதைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறானே, பாய்?" என்றார். அன்றிரவு அவனை அடித்தேன். என் மனைவி குறுக்கே வந்து நின்று, "கடையில் இரண்டு தேங்காய் குறைந்தாலும் உங்களுக்குத் தெரிகிறது. பிள்ளை இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அது தெரியவில்லையா?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

மறுவாரம் கொள்முதலுக்குக் கூலாய் போகும்போது அவனையும் அழைத்துப் போனேன். போகும்போது அவன் பேசவில்லை. திரும்பும்போது மெல்லச் சொன்னான். கணக்குப் பாடம் புரியவில்லையாம், எழுந்து கேட்டானாம், வகுப்பே சிரித்ததாம், அதற்குப் பிறகு போகப் பிடிக்கவில்லையாம். நாள் முழுதும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற தகப்பனிடம் அந்தக் கணக்கைக் கேட்கத்தான் அவன் இரண்டு மாலை வந்து நின்றிருக்கிறான்! கடல் கடந்து நின்ற என் அத்தாவை நான் மாமா என்றேன். 16 படிக்குக் கீழே இருந்த நானும் என் மகனுக்கு அப்படித்தான் ஆகியிருந்தேன்.

நபி இப்ராஹீம் (அலை) அவர்களுடைய வரலாற்றைச் சிந்தியுங்கள். அல்லாஹ்வின் ஆணைப்படி மனைவியையும் கைக்குழந்தையையும் மக்காப் பள்ளத்தாக்கில் விட்டுச் சென்றவர்கள் அவர்கள். ஆயினும் மறந்துவிடவில்லை, தேடி வந்தார்கள். இருமுறை வந்தபோது மகனார் வேட்டைக்குப் போயிருந்தார். மூன்றாம் முறை, ஸம்ஸம் அருகே மரத்தடியில் அம்பு சீவிக்கொண்டிருந்த இஸ்மாயீல் (அலை) அவர்களைக் கண்டு தழுவிக்கொண்டார்கள். பின்பு இருவரும் சேர்ந்து கஅபாவை எழுப்பினார்கள். மகன் கல் எடுத்துக் கொடுத்தார், தந்தை கட்டினார்கள். அறுத்துப் பலியிடும்படி கனவில் கண்டபோதுகூட, மகனைக் கட்டி இழுத்துச் செல்லவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று அவரிடமே கேட்டார்கள். இறைவனுடைய கட்டளை விஷயத்திலேயே பிள்ளையின் கருத்தைக் கேட்ட நபி எங்கே? எந்தப் பள்ளியில் சேர்ப்பது, யாருக்குக் கட்டிக் கொடுப்பது என்பதில்கூடப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளாத நாம் எங்கே?

நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டதைக் கண்ட அக்ரஃ இப்னு ஹாபிஸ் என்பவர், தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவனுக்கு இரக்கம் காட்டப்படாது என்பதே அவருக்குக் கிடைத்த பதில். வேறொரு நாள் ஒரு தாயார் தம் சிறுவனை, ஏதோ தருவதாகச் சொல்லிக் கூப்பிட்டார். என்ன தரப் போகிறாய் என்று பெருமானார் (ஸல்) வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்த அம்மையார். ஒன்றும் கொடாதிருந்தால் ஒரு பொய் உம்மேல் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். வாடிக்கைக்காரரிடம் சொன்ன சொல் தவற அஞ்சுகிற நாம், "பெருநாளுக்கு வாங்கித் தருகிறேன்" என்று பிள்ளையிடம் சொன்னதை எத்தனை தடவை மறந்தோம்!

ஒரு பிள்ளைக்கு மாத்திரம் அன்பளிப்புச் செய்த பஷீர் (ரலி) அவர்கள், அதற்குச் சாட்சியாக இருக்கும்படி நாயகத்தை வேண்டினார்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று கேட்டு, இல்லை என்றதும், சாட்சி நிற்க மறுத்துவிட்டார்கள். கடையை மூத்தவனுக்கு எழுதிவிட்டு, 'பெண்ணுக்குத்தான் நகை போட்டோமே' என்று கணக்கை முடிக்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். தராசு கடையில் மட்டும் நேராக நின்றால் போதாது.

இன்று ஜொகூர்வாசிகளில் எத்தனையோ பேர் விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பின் திரும்புகிறார்கள். வீட்டில் இருக்கும் நேரத்தையோ கைத்தொலைபேசி வாங்கிக்கொள்கிறது. தூரம் இன்னும் நம் வீட்டை விட்டுப் போகவில்லை.

ஆகவே மூன்று காரியங்களை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே அரை மணி நேரம் கல்லாவை வேறொருவரிடம் விட்டுவிட்டு, பிள்ளைகளோடு உட்காருங்கள். ஓதியதைக் கேளுங்கள், பள்ளியில் நடந்ததையும் கேளுங்கள். வாடிக்கைக்காரர் முன்னிலையில் பிள்ளையையோ மனைவியையோ கடிந்து பேசாதீர்கள். வீட்டில் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்ட நாயகத்தின் உம்மத் நாம். பிள்ளை வந்து நின்றால், எழுதுகிற பேனாவைக் கீழே வையுங்கள். அந்த ஒரு நிமிஷத்தில் நஷ்டமாகிற வியாபாரம் எதுவும் இல்லை.

என் மகன் இன்று தானே தகப்பன். அன்று கூலாயிலிருந்து திரும்பிய பிறகு, இரவு தோறும் கடைக் கணக்கை அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே போட்டேன். பள்ளிக் கணக்கும் அங்கேயே நடந்தது. அடித்த கைக்கு அவன் மன்னிப்புக் கொடுத்துவிட்டான். ஆனால் அந்த இரண்டு மாலைகளைத் திருப்பித் தர என்னால் ஆகவில்லை. உங்களில் இளையவர்களுக்கு அந்த மாலைகள் இன்னும் கையில் இருக்கின்றன.

யா அல்லாஹ்! எங்கள் மனைவியரையும் மக்களையும் எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக்கி வைப்பாயாக! நீ ஒப்படைத்த அமானிதத்தைக் குறையாமல் உன்னிடம் கொண்டுவந்து சேர்க்க எங்களுக்குத் தௌஃபீக் செய்வாயாக! ஆமீன்.