செம்பில் சேரும் சிறு பங்கு

ஒரு பொருளோடு வேறொன்று சிறிதளவு சேர்ந்தால் அது பழைய பொருளாகவே இருக்கிறதா, வேறொன்றாகிவிடுகிறதா என்ற கேள்வியை இஸ்லாமியச் சட்டவியலும் மெய்யியலும் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்துள்ளன. உலோகங்களில், குறிப்பாகச் செம்பில், இக்கேள்விக்குத் தெளிவான சான்றுகள் கிடைக்கின்றன.

சட்டவியல் அளவைக் கொண்டு தீர்ப்புச் சொல்கிறது. ஸகாத் என்ற கட்டாயக் கொடை தங்கத்தின் மீது கடமையாவதற்கான குறைந்தபட்ச அளவான நிஸாப் 20 மித்கால், ஏறத்தாழ 85 கிராம். செம்பும் வெள்ளியும் கலந்த 22 கரட் தங்கம் 90 கிராம் ஒருவரிடம் சேமிப்பாக இருந்தால், அதில் தனித் தங்கம் 82.5 கிராம் மட்டுமே. இலங்கையின் அம்பாறைக் கரையோர முஸ்லிம்கள் மரபாகப் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) தனித் தங்கத்தின் எடையே கணக்கு. ஆகவே நிஸாப் நிறையவில்லை. ஹனஃபி மத்ஹபில் மிகுந்திருப்பது எதுவோ அதன் பெயரே முழுவதற்கும் உரியது. ஆகவே நிஸாப் நிறைந்துவிடுகிறது.

மெய்யியலாளர் இயல்பைப் பற்றிக் கேட்டனர். கலவையில் மூலகங்களின் வடிவம் அழிவதில்லை, பண்புகள் மட்டுமே ஒன்றையொன்று தணிக்கின்றன என்பது இப்னு ஸீனாவின் (இறப்பு 1037) கருத்து. வடிவங்களே வலுக்குன்றுகின்றன என்றார் இப்னு ருஷ்து (1126–1198). அஷ்அரி கலாம் (இறையியல்) அறிஞர்கள் எல்லா அணுக்களையும் ஒரே தன்மையனவாகக் கொண்டு, வேறுபாடுகளை இறைவன் அவற்றில் படைக்கும் பண்புகளாக விளக்கினர்.

இன்றைய அறிவியல் இக்கேள்விக்குச் செம்பில் சான்று தருகிறது. செம்பின் அணுக்கள் கனசதுர மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் ஒழுங்காக அமைந்தவை. இத்தகைய ஒழுங்குள்ள நுண்மணிகள் பல சேர்ந்ததே ஒரு செம்புத் துண்டு. சேரும் பொருள் மணிக்குள் புகுகிறதா, மணிகளின் எல்லையில் தங்குகிறதா, தனித் துகளாகப் பிரிகிறதா என்பதைப் பொறுத்து விளைவு மாறும். பிஸ்மத் என்ற உலோகம் செம்பில் கரைவதில்லை. மணி எல்லைகளில் படிகிறது. ஒரு சதவீதத்தின் ஆயிரத்தில் சில பங்கு அளவே இருந்தாலும் வளைய வேண்டிய உலோகம் முறிந்துபோகும். மணிக்குள் கரையும் பொசுபரசு 0.04 சதவீதம் இருந்தால் மின் கடத்துதிறன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். அதே அளவு ஒட்சிசன் இதற்கு நேர்மாறாக உதவும்: கரைந்திருக்கும் இரும்பு போன்ற மாசுகளை ஒட்சைட்டுத் துகள்களாக்கி மணியின் ஒழுங்கிலிருந்து விலக்குகிறது. 0.1 சதவீதத்துக்கும் குறைவான வெள்ளி, கடத்துதிறனைப் பெரிதும் குறைக்காமலே, செம்பு சூட்டில் மென்மையாவதைத் தாமதப்படுத்துகிறது.

அம்பாறைக் கரையில் 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் போன்ற இடங்களில் உலோகத்துக்குப் பெரிய சோதனை உப்புநீர். செம்போடு 30 சதவீதம் நாகம் (துத்தநாகம்) சேர்ந்த பித்தளை நெடுநாள் கடல் நீரில் கிடந்தால் நாகம் கரைந்து வெளியேறும். பொருளின் உருவமும் அளவும் மாறுவதில்லை. மேற்பரப்பில் செந்நிறத் திட்டுகள் தோன்றும். அத்திட்டைக் கத்தி முனையால் கீறினால் நுண்துளைகள் நிறைந்த செம்பு பொடியாக உதிரும். 0.02 முதல் 0.06 சதவீதம் வரை ஆசனிக் சேர்த்த பித்தளையில் இந்த அழிவு தடுக்கப்படுகிறது. மனிதருக்கு நஞ்சானது இங்கே காவலாகிறது.

இச்சான்றுகள் மிகுதியை மட்டும் பார்ப்பதும், கூறுகளைத் தனித்தனியே எடை போடுவதும் இயல்பை அறியப் போதாதவை எனக் காட்டுகின்றன. செல்வத்தின் கடமையை அளக்க அந்த அளவுகோல்கள் பொருத்தமானவை. பொருளின் இயல்பு, எது சேர்ந்தது, எங்கே நின்றது, மற்றவற்றோடு எவ்வாறு இணைந்தது என்பவற்றில் இருக்கிறது. 99.9 சதவீதம் செம்பு என்று முத்திரையிட்ட இரு துண்டுகளில் ஒன்று வளையும், மற்றொன்று முறியும். நாகம் நீங்கிய பித்தளை, உருவம் எஞ்சியும் பயன் அழிந்ததற்குச் சான்று.

அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் மறுமையில் காணப்படும் என்பது அல்குர்ஆனின் 99ஆம் அத்தியாயத்தின் போதனை. அதைச் செம்பைக் கொண்டு நிறுவ வேண்டியதில்லை. ஆனால் சிறியது என்பதால் விளைவற்றது என்று எண்ணுவது தவறு என்பதைச் செம்பு ஐயமின்றிக் காட்டுகிறது. மனிதர் தம் செயல்களை மதிப்பிடும்போது அளவோடு அவை உள்ளத்தில் பிடித்திருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.