சின்னக் குறை

வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் உள்ள உறவு எந்த நொடியில் முடிகிறது? பணம் கல்லாவில் விழுந்த நொடியில் என்று நம் கடைத்தெருவில் பலர் நம்புகிறார்கள். 'விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்' என்று ரசீதின் அடியில் அச்சிட்டும் வைத்திருக்கிறார்கள். அந்த ஒற்றை வரியில் ஒரு வாழ்க்கைத் தத்துவமே அடங்கியிருக்கிறது. அது நியாயமான தத்துவந்தானா என்பதே என் கேள்வி.

சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்க்கிறோம். புடவையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். மாடு வாங்கப் போனவர் பல்லைப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. கண்ணும் கையும் உதவும் இடத்தில் ஒருவன் ஏமாந்தால், அதில் அவனுக்கும் பங்கு உண்டு என்று சொல்லலாம். ஆனால் கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் ரேம் இருக்கிறதே, அதை எப்படிப் பார்ப்பது? ஒரு சாண்கூட இல்லாத பச்சைப் பலகை. அதன்மேல் வரிசையாகச் சில கறுப்புச் சில்லுகள். நல்லதும் கெட்டதும் ஒரே முகத்தோடு இருக்கின்றன.

எங்கள் திருப்புலிவனத்துப் பையன் ஒருவன், ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் ஊராருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறான். நகரத்துக் கடை ஒன்றில் இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து ரேம் வாங்கி வந்தான். அன்று முதல் கம்ப்யூட்டர் நினைத்த நேரத்தில் உறைந்து நின்றது. கொண்டுபோய்க் காட்டினான். கடைக்காரர் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே ஓடுது தம்பி? உன் மதர்போர்டைப் பாரு" என்று அனுப்பிவிட்டார்.

ரேமில் உள்ள கோடானுகோடி நுண்ணறைகளில் ஒன்றிரண்டு பழுதானாலும் போதும். அந்த அறைக்கு வேலை வரும்போதுதான் குற்றம் வெளிப்படும். ஐந்து நிமிஷத்தில் அகப்படாத நோய் அது. பையன் இரவெல்லாம் சோதனை ஓட்டி, பிழை காட்டிய திரையைப் படம் பிடித்துக் கொண்டு மறுபடியும் போனான். "சின்னக் குறை, இதைப் போய்ப் பெரிசு பண்றியே!" என்றார் கடைக்காரர். ஊர்ப் பெரியவர்களோ, "பஸ் சார்ஜையும் கெட்ட வேலையையும் கணக்குப் பார்த்தால், விட்டுத் தொலைப்பதே லாபம்" என்றார்கள்.

இந்தக் கணக்கு எனக்குச் சம்மதமில்லை. ஏனென்றால் கடைக்காரரும் இதே கணக்கைத்தான் போட்டு வைத்திருக்கிறார். நம்முடைய சலிப்பு அவருடைய முதலீட்டில் ஒரு பகுதி.

குறை சின்னதா பெரியதா என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? 1994-ல் உலகமே இந்தக் கேள்வியைச் சந்தித்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்துக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இன்டெல் கம்பெனியின் பென்டியம் சில்லு சில வகுத்தல் கணக்குகளைப் பிழையாகப் போடுவதைக் கண்டுபிடித்தார். சாதாரண மனிதருக்கு 27,000 வருஷத்துக்கு ஒரு முறைதான் அந்தப் பிழை குறுக்கிடும் என்றது கம்பெனி. தேவையை எடுத்துக்காட்டுகிறவர்களுக்கு மட்டுமே மாற்றித் தருவதாகவும் சொன்னது. ஜனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பிழை எவ்வளவு அபூர்வமானால் என்ன, சரியான பொருளுக்கு உரிய விலையை அல்லவா கொடுத்தோம் என்று கேட்டார்கள். டிசம்பர் 20-ந் தேதி கம்பெனி பணிந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தர முன்வந்தது, 47.5 கோடி டாலர் செலவு எழுதிக்கொண்டது. அளவுகோல் வாங்கியவன் கையில் இருக்க வேண்டியது என்பதை அது விலை கொடுத்துக் கற்றது.

நம் சட்டமும் மெல்ல மெல்ல இதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 'வாங்குகிறவனே, பார்த்து வாங்கு' என்ற பழைய விதியை ஏற்றுக்கொண்டது. ஆனாலும், இன்ன காரியத்துக்கு என்று சொல்லி, விற்கிறவரின் அறிவை நம்பி வாங்கினால் அவருக்குப் பொறுப்பு உண்டு என்று விலக்கும் வைத்தது. பிறகு 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. ரசீதில் கண்ட கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வாணிபம் என்கிறது அது. வாங்கின ஊருக்கு ஓட வேண்டியதில்லை. குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே 2 வருஷத்துக்குள் முறையிடலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது; வக்கீல் கட்டாயமில்லை.

பிழைப்புக்காக வாங்கியவன் நுகர்வோன் ஆவானா என்று சிலர் மடக்குவார்கள். கோவையின் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் விற்ற இயந்திரம் பற்றிய வழக்கில், 1995-ல் சுப்ரீம் கோர்ட் இதற்கு விடை சொன்னது. அந்த இயந்திரத்தை வியாபாரத்துக்காக வாங்கிய தொழிற்சாலை நுகர்வோன் ஆகாது. ஆனால் ஜீவனத்துக்காக டைப்ரைட்டர் வாங்கித் தானே தட்டச்சு செய்து கொடுப்பவன் நுகர்வோனே. டைப்ரைட்டர் இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது, நியாயம் மாறிவிடவில்லை.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. மூடி முத்திரையிட்ட பெட்டியாகத்தான் அவருக்கும் சரக்கு வருகிறது. தாமே முறித்துவிட்டு வந்து பொய் சொல்கிற வாடிக்கைக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவருக்குப் பின்னால் மொத்த வியாபாரி இருக்கிறார், கம்பெனி இருக்கிறது. வாங்கினவனுக்கோ அவரைத் தவிர வேறு முகம் தெரியாது. பொய்யா மெய்யா என்ற சந்தேகம் வந்தால், சோதித்துப் பார்ப்பதல்லவா வழி?

எங்கள் பக்கத்து உத்தரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு குடவோலையில் ஆள் தேர்ந்த வாரியங்களைச் சொல்கிறது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று இருந்ததுபோலவே பொன்னுக்கும் ஒரு வாரியம் இருந்தது. பொன்னின் தரம் எல்லாருடைய கண்ணுக்கும் எட்டுவதல்ல. எட்டாத இடத்தில், விற்கிறவன் வாயையும் வாங்குகிறவன் அதிருஷ்டத்தையும் நம்பாமல், ஊரே பொறுப்பேற்க வேண்டியதாகிறது. இன்றைய சட்டமும், கண்ணால் காண முடியாத குறையானால் பொருளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பச் சொல்கிறது.

ஆகவே அந்தப் பையனிடம், "ரசீதையும் படத்தையும் பத்திரமாக வை, எழுதிப் போடு" என்றேன். இரண்டாயிரம் ரூபாய் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அறியாதவனிடம் அறிந்தவன் எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற வழக்கம் ஊரில் நிலைத்துவிட்டால், அதை எந்தச் சந்தையில் கொண்டுபோய் மாற்றுவது?