சத்தியம் பண்ணலாமா?

“ரீச்சர், ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கோ, அப்பதான் சொல்லுவன்.” மாணவியொருத்தி இவ்வாறு கேட்டால் ஆசிரியை என்ன செய்வது? சத்தியம் பண்ணியபின், அந்தப் பிள்ளைக்கு வீட்டிலோ ரியூசன் கொட்டிலிலோ ஒருவன் தீங்கு செய்வதாக அறிந்தால், சத்தியத்தைக் காப்பது தருமமா, மீறுவது தருமமா?

இரகசியம் காப்பது நற்பண்பே. ஆயினும் எல்லா இரகசியங்களும் ஒரே தன்மையன அல்ல. 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவைனாஸ் இதனைப் பிரித்துக் காட்டினார். பாவசங்கீர்த்தனத்தில் குரு அறிந்ததை எக்காரணங்கொண்டும் வெளியிடலாகாது. ஆனால் வேறு வகையில் நம்பி ஒப்படைக்கப்பட்ட செய்தி ஒருவருக்குப் பெருங்கேடு விளைப்பதாயின், அதை வெளிப்படுத்துவதே கடமை. அக்கடமைக்கு மாறாகக் கொடுத்த வாக்கு எவரையும் கட்டாது என்றார். சொன்னவருக்கே பாரிய தீங்கு வரும், அதை வேறு வழியில் தடுக்க முடியாது என்றால், தொழில்முறை இரகசியத்துக்கும் விலக்கு உண்டு என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி நூல் (இல. 2491).

ஆகவே ஆசிரியை சத்தியம் பண்ணலாகாது. “பள்ளிக்கூடம் முழுக்கப் பரவ விடமாட்டேன். உன்னைக் காப்பாற்றக் கூடியவருக்கு மட்டும் சொல்லுவேன், அதையும் உனக்குச் சொல்லிவிட்டே செய்வேன்” என்பதே நேர்மையான மறுமொழி. பிள்ளை அன்று வாய்மூடிவிடாதா? மூடலாம். ஆனால் ஒரு பெரியவர் வஞ்சித்த பிள்ளையை இன்னொருவரும் ஏமாற்றினால், மூன்றாமவரிடம் அது போகவே போகாது.

பிரம்பை ஓங்கும் கையிடம் எந்தப் பிள்ளையும் தன் துன்பத்தைக் கொடுக்காது. ஆசிரியர் ஒருவர் செவியில் அறைந்ததால் மாணவனின் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சம் அகன்றால்தான் நம்பிக்கை பிறக்கும்.

வீட்டிலுள்ள தடை வேறு. “ஊர் என்ன சொல்லும்? நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி நடக்க வேண்டாமா?” என்று மூடிவைக்கிறோம். ஆண் பிள்ளையென்றால், அப்படியொன்று நடக்கும் என்றே நம்ப மறுக்கிறோம். இங்கே காக்கப்படுவது பிள்ளையின் மானமன்று, குற்றவாளியின் இரகசியம்.

ஏலியின் வீட்டுக்கு வரவிருந்த தண்டனையை அறிந்த சிறுவன் சாமுவேல், அதை அவரிடம் சொல்ல அஞ்சினான். முதிய குருவோ ஒன்றையும் மறைக்கவேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டார்; கேட்டபின் பிள்ளையைக் கடியவுமில்லை. செய்தி பங்குமனையைப் பற்றியதாயினும் மடத்தைப் பற்றியதாயினும் முறை இதுவே. இத்தகைய குற்றத்தை அறியும் குருக்களும் துறவிகளும் அதனைத் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்று 2019 மே மாதத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் சட்டம் பிறப்பித்தார். நாட்டுச் சட்டம் விதிக்கும் கடமையை அது நீக்கவில்லை.

சொல்வதற்கு இடமும் உண்டு. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற இலக்கத்தில் கட்டணமின்றி அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார்.

பெற்றோரே, இன்றிரவு செபமாலை முடிந்ததும் பிள்ளையிடம் கேளுங்கள்: “உனக்கு ஒரு கரைச்சல் வந்தால் பள்ளிக்கூடத்தில் ஆரிட்டைச் சொல்லுவாய்?” ஒரு பெயர் உடனே வராவிட்டால், நாளைக் காலையில் அதிபரைச் சந்திப்பது உங்கள் கடமை.