சனிக்கிழமைக் கணக்கு

திருப்பூரில் பனியன் துணியை மீட்டரில் அளப்பதில்லை, கிலோவில் நிறுக்கிறோம். துணிமேல் ஜிஎஸ்எம் கட்டரை வைத்து அழுத்தித் திருகினால் 100 சதுர சென்டிமீட்டரில் ஒரு வட்டத் துண்டு விழும். தராசில் அது 1.80 கிராம் காட்டினால் துணி 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். 1.70 காட்டினால் பையர் அனுப்பிய ஆள் லாட்டையே ஓரங்கட்டச் சொல்லிவிடுவார். அந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் யோக்கியர்கள். அவரிடமும் ஒரு தராசு இருக்கிறதல்லவா!

நொய்யல் ஆற்றிடம் தராசு இல்லை. சாயத் தண்ணீரை அதில் விட்டுக்கொண்டே இருந்தோம். ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி, கீழே நிலம் கெட்ட விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊருக்கு உறைத்தது.

ஊர்ப் பாவத்தைப் பேசி என்னுடையதை மறைக்கப் பார்க்கிறேனோ என்னவோ. என்னுடையது 80 ரூபாய்ப் பாவம்.

பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். எங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பளம். அந்தச் சனி ராத்திரி, ஓவர்லாக் தைக்கும் தேனிப் பக்கத்துப் பெண்ணுக்குக் கவர் போடும்போது 40 பீஸை நோட்டில் ஏற்றாமல் விட்டிருந்தேன். பீஸுக்கு 2 ரூபாய். அவள் கவரை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போதே தப்பு கண்ணில் பட்டது. கூப்பிட்டிருக்கலாம். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டை மூடினேன்.

விடிந்தால் ஞாயிறு. ஆராதனையில் காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்தபோது 100 ரூபாய் போட்டேன். அதில் 80 என்னுடையது இல்லை.

கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்கிறது லேவியராகமம். அதே அதிகாரத்தில்தான் சரியான தராசும் சரியான படிக்கல்லும் வேண்டும் என்ற கட்டளையும் இருக்கிறது. சிறு வயதிலிருந்து வாசித்தும் இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. கூலி நோட்டும் ஒரு தராசுதான். அதன் இரண்டு தட்டும் என் கையில் இருக்கின்றன. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழகிய வேலை, கண்ணை மூடினால் போதும். அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டுமென்றால் கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, இயேசுவின் முன்னால் நின்று பொத்தாம்பொதுவாக வருந்தவில்லை. ஏமாற்றியிருந்தால் நாலு மடங்கு என்று கணக்கோடு சொன்னான்.

எனக்கு நாலு மடங்குக்கு மனசு வரவில்லை. திங்கட்கிழமை மெஷின் ஓடத் தொடங்கும் முன்பே போய் 80 ரூபாயை நீட்டினேன். எண்ணிக்கையில் விட்டுப்போச்சு என்றேன். தெரிந்தே விட்டதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"பரவால்லண்ணே, நான் அன்னிக்கே எண்ணிட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் மிச்சத்தையும் சொன்னேன். தெரிந்தேதான் விட்டேன் என்று. அவள் ஒன்றும் பேசவில்லை. மெஷினில் நூல் கோக்கக் குனிந்துகொண்டாள்.

இப்போது எங்கள் பட்டறையில் டெய்லர்களிடமும் ஆளுக்கொரு நோட்டு இருக்கிறது. சனிக்கிழமை இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் கவர்.