சாவு சொல்லப் போனவரின் செல்போன்

எங்கப்பா சாவு சொல்லப் போனவர். விழுப்புரத்துப் பக்கம் எங்கள் கிராமத்தில், ஊர்த்தெருவில் யார் செத்தாலும் முதல் சேதி சேரிக்குத்தான் வரும். சுற்றுப்பட்ட மூணு நாலு ஊர்களில் இருக்கிற அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கு நாங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். ராத்திரி, மழை என்று பார்க்க முடியாது. கூலி என்று பேர் கிடையாது. துண்டை விரித்துப் பிடித்தால் கொஞ்சம் நெல் விழும்.

1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு அது. அந்த வருசமெல்லாம் எங்கப்பா சைக்கிளில் சாவு சொல்லிக்கொண்டிருந்தார். பத்து வயசில் ஒருமுறை நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். தெருமுனையில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலுக்கு எட்ட நின்று, "ஆண்டே, பெரியவரு தவறிட்டாருங்க" என்றார். உள்ளே அழுகை கிளம்பியது. ராத்திரி முழுக்க வந்தவன் சாப்பிட்டானா என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டபோது ஒரு அம்மா செம்பை உயரத் தூக்கி எங்கள் கையில் ஊற்றினாள்.

2003-ல் இன்கமிங்குக்குக் காசில்லை என்று ஆனது. அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் செல்போன் பரவியது. ஒருநாள் ஊர்த்தெருவில் சாவு. அப்பா சைக்கிளுக்குக் காத்தடித்து வைத்துக் காத்திருந்தார். ஆள் வரவில்லை. "எல்லாருக்கும் போன்லயே சொல்லிட்டாங்களாம்" என்று அம்மா வந்து சொன்னாள். "உடு, காலு நோவு மிச்சம்" என்று அப்பா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு இழிவு நின்றுபோவதும், அது தப்பு என்று ஒத்துக்கொள்ளப்படுவதும் ஒன்றா? மகர்களுக்கும் சாவு சொல்வது ஊர்க்கடமையாக இருந்தது. 1927-ல் மகத் மாநாட்டில் செத்த மாட்டை இழுப்பதை விடச் சொன்னார் அம்பேத்கர். 1928-ல், மகர்களைப் பரம்பரை ஊழியத்தில் கட்டிப்போட்ட வதன் முறையைத் திருத்தப் பம்பாய் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அங்கே மாட்டோம் என்று ஒரு சனம் வாய் திறந்தது. இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு கருவி வந்தது, எங்கப்பா தேவைப்படவில்லை. அவ்வளவுதான். மனசு மாறாமலே வழக்கம் மாறிப்போச்சு.

மாறாத அந்த மனசு வேறு வழியில் வந்தது. அண்ணன் அப்பாவுக்கு டார்ச் வைத்த நோக்கியா 1100 ஒன்றைப் பழசாக வாங்கித் தந்தான். ராத்திரி தண்ணி கட்டப் போக அந்த வெளிச்சம் நல்லா உதவியது. ஆனால் நம்பர் ஊர்த்தெருவுக்கும் போய்விட்டது. முன்பு சேரி முனையில் நின்று கூப்பிட்டவர்கள், இப்போது நாங்கள் காசு போட்டு வாங்கிய போனில், எங்கள் வீட்டுக்குள்ளேயே கூப்பிட்டார்கள். "எங்கடா இருக்க? குழி வெட்டணும். மோளத்தோட வா." பேசுகிறவனுக்கு என் வயசு. அப்பாவுக்கு அறுபது.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரில் சாவு என்று காதில் விழுந்ததும் போனை அணைத்துவிடுவார். மறுநாள் கேட்டால், "சார்ஜ் இல்லிங்க ஆண்டே." எம்.ஏ. தமிழ் முடித்து இயக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. ஒருநாள் போன் அடித்தபோது நான் எடுத்தேன். "அவரு வரமாட்டாருங்க. இனிமே எந்தச் சாவுக்கும் வரமாட்டாரு."

அந்தப் போகம் அம்மாவைக் களையெடுக்க யாரும் கூப்பிடவில்லை.

அப்பா சொன்னார்: "நீ ஒரு வார்த்த சொல்லிட்டு டவுனுக்கு பஸ் ஏறிட்ட. மீதி நாளெல்லாம் அவங்க மூஞ்சில முழிக்கிறது நானு. நானா இருந்தா ஆஃப் பண்ணி வெச்சிருப்பேன்."

பல வருசம் இதை யோசித்தேன். வன்கொடுமைச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கிறது. நம்மைக் குழி வெட்ட வைப்பதும், பிணம் தூக்க வைப்பதும் அதன்படி குற்றம். ஆனால் சட்டத்துக்கு யாராவது வாய் திறக்க வேண்டும். அணைத்து வைத்த போன் சாட்சி சொல்லாது. 'சார்ஜ் இல்லை' என்கிற வரைக்கும் கூப்பிடுகிறவனின் உரிமை அப்படியே இருக்கிறது. அதனால் வெளிப்படையாகத்தான் மறுக்க வேண்டும் என்று இன்றும் சொல்வேன்.

அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் சொல்ல வேண்டிய மறுப்பை நான் பிடுங்கிச் சொன்னேன். விலையை அவரும் அம்மாவும் கொடுத்தார்கள். மகத் குளத்துக்கு அம்பேத்கர் தனியாகப் போகவில்லை. ஆயிரக்கணக்கான சனத்தோடு போனார். நான் போனை எடுப்பதற்கு முன்னால் தெருவைக் கூட்டியிருக்க வேண்டும்.

பிறகு கூட்டினோம். மோளத்துக்கும் குழிக்கும் யாரும் போவதில்லை, போன் வந்தால் எல்லோரும் ஒரே பதில் என்று பேசி முடித்தோம். அடுத்த சாவுக்குப் போன் வந்தது. இந்த முறை அப்பா அணைக்கவில்லை. அவரே எடுத்தார். "தெருவுல பேசிட்டோம் தம்பி. யாரும் வர்றதில்ல." ஆண்டே என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

செல்போன் எங்கப்பாவின் கால் நோவைத் தீர்த்தது. அதற்கு நன்றி. மீதியை அது செய்யவில்லை, செய்யவும் செய்யாது. உங்கள் தெருவில் அந்தப் போன் அடிக்கும்போது யார் எடுக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள்?